தரை ஆர்க்கிட் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

மலேசியாவில் பேராக் பக்கம் காரில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலைக்காக வெட்டிய செம்மண் மேட்டில், லாலான் புல்லுக்கு நடுவே, இடுப்பளவு உயரத்தில் ஊதாப் பூ ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். இலையைப் பார்த்தால் செம்பனை நாற்று என்றுதான் தோன்றும். அதே மடிப்பு, அதே பச்சை. அதுதான் ஸ்பத்தோகுளோட்டிஸ் பிளிக்காட்டா. நாங்கள் சுருக்கமாகத் தரை ஆர்க்கிட் என்கிறோம். அந்த மேட்டில் அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை. அதே செடியை நர்சரியில் காசு கொடுத்து வாங்கி வீட்டு வாசலில் வைத்தால் ஆறே மாதத்தில் முகம் சுண்டிப்போகிறது.

என் முதல் நான்கு தொட்டிகள் அப்படித்தான் போயின. ஐந்தாவது நிலைத்தது. இப்போது அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக 17 தொட்டி நிற்கிறது. "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான். தொட்டி எங்கே இருக்கிறது? கிழங்கு மண்ணுக்கு மேலே தெரிகிறதா? பெரும்பாலும் இந்த இரண்டிலேயே விடை கிடைத்துவிடும். மருந்துக் கடைக்குப் போகும் வேலையே இருக்காது.

மருந்துக்கு முன்னால்

இந்தச் செடியின் குணம் தெரியாமல் அறிகுறியை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். 1883இல் இந்தோனேசியாவின் கிரகத்தாவ் எரிமலை வெடித்துத் தீவே சாம்பலும் கல்லுமாகக் கிடந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே போய்ப் பார்த்தவர்கள் கண்ட ஆர்க்கிட்களில் இதுவும் ஒன்று. அதாவது மண்சரிவு, வெட்டிய மேடு, எரிந்த புல்வெளி என்று யாருமே இல்லாத வெற்றிடத்தில் முதலில் வந்து குடியேறும் ரகம். வெயில் நிறைய வேண்டும். சத்தில்லாத மண் பரவாயில்லை. மழை எவ்வளவு பெய்தாலும் சரி, தண்ணீர் நிற்காமல் ஓடிவிட வேண்டும்.

நாம் செய்வது இதற்கு நேர் எதிர். ஆர்க்கிட் என்ற பெயரைக் கேட்டதும் சிலர் மரத்தில் ஒட்டி வளரும் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டுக்குப் பக்கத்தில் நிழல் வலைக்குக் கீழே, கரித்துண்டில் வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் தரையில் வளர்வதுதானே என்று ரோஜாவுக்குப் போடும் கொழுத்த மண்ணில் கிழங்கை ஆழப் புதைத்து மிதித்துவிடுகிறார்கள். முதல் வகைச் செடி பூக்காது, இரண்டாம் வகை அழுகும்.

சந்தேகம் வந்தால் முதல் வேலை தொட்டியைக் கவிழ்ப்பதுதான். பலருக்கு இதைச் செய்யப் பயம். இது அப்படி ஒன்றும் நொந்துபோகிற செடி இல்லை. மண்ணோடு வெளியே எடுத்து, கிழங்குகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தோல் சுருங்கியிருந்தாலும் உள்ளே கெட்டியாக இருந்தால் பழைய கிழங்கு, அல்லது தண்ணீர் போதாதது, கவலை இல்லை. விரல் உள்ளே போனால் அது போய்விட்டது. வேரையும் உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். செத்த வேரின் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று, நடுவில் நூல் மட்டும் கையில் நிற்கும்.

இலை செழிப்பு, பூ மட்டும் இல்லை

அடிக்கடி வரும் புகார் இதுதான். இலை மார்பளவு வளர்ந்து கரும்பச்சையாக, தொங்கலாக நிற்கும். வளர்ப்பவருக்குப் பெருமையாகக்கூட இருக்கும். அந்தக் கரும்பச்சைதான் அறிகுறியே. போதுமான வெயில் பெறும் செடியின் இலை சற்று மஞ்சள் கலந்த பச்சையாக, நீளம் குறைந்து, விறைப்பாக நிற்கும். ஒரு நாளைக்கு 4 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். 6 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

உடனே தூக்கிக்கொண்டு போய் நடு வெயிலில் வைக்காதீர்கள். நிழலில் வளர்ந்த இலை இரண்டே நாளில் வெளிறி, காகிதம் போலக் காய்ந்த திட்டுகள் விழும். முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு வாரம் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால் போதும். பழைய இலை கொஞ்சம் கெடத்தான் செய்யும். புதிய தளிர் அந்த வெயிலுக்கேற்ப வளர்ந்துவிடும்.

"என் செடி ஆண்டில் பாதி பூக்கிறது, பாதி சும்மா நிற்கிறது" என்று ஈப்போவில் இருந்து ஓர் அக்கா கேட்டார். வாசல் எந்தப் பக்கம் என்றேன். வடக்கு. விஷயம் புரிந்துவிட்டது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நண்பகல் சூரியன் ஏப்ரலில் இருந்து செப்டம்பர் தொடக்கம் வரை வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே போய்விடும். வடக்கு வாசலுக்கு ஆண்டின் நடுவில்தான் வெயில். தீபாவளி, பொங்கல் நேரத்தில் கூரை நிழல். தெற்கு வாசல்காரர்களுக்கு அப்படியே தலைகீழ். செப்டம்பரில் தொட்டியை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள் என்றேன். மாற்ற இடமில்லாத வரிசை வீடு என்றால் வேலியோரம் ஒரு மேடையைக் கட்டி அதன்மேல் வைக்கலாம்.

வெயில் சரியாக இருந்தும் பூ வரவில்லையா? உரத்தைப் பாருங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் அதிகமுள்ள உரத்தை, குறிப்பாகப் புல்தரைக்கு வாங்கியதைக் கொட்டினால் இலைதான் வரும். மூன்று சத்தும் சமமாக உள்ளதை, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊற்றுகிறேன். அதற்கு மேல் ஊற்றிப் பலன் கண்டதில்லை.

இன்னொரு காரணம், போன மாதம்தான் செடியைப் பிரித்து நட்டிருப்பீர்கள். ஒற்றைக் கிழங்காகப் பிரித்தால் அது மறுபடி பலம் பெற ஓர் ஆண்டுகூட ஆகலாம். பிரிக்கும்போது மூன்று, நான்கு கிழங்கு சேர்ந்த கொத்தாகப் பிரியுங்கள்.

தளிர் கையோடு வருகிறது, அடியில் நாற்றம்

இதுதான் செடியையே கொல்லும் நோய். தைப்பிங் மாதிரி ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சந்திக்காமல் தப்பிக்க முடியாது. நடுத்தளிர் மட்டும் மஞ்சளாகி வாடும். பிடித்து லேசாக இழுத்தால் அப்படியே கையோடு வரும். முனையை மோந்து பார்த்தால் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். வெளி இலைகள் அப்போதும் பச்சையாகவே இருப்பதால், நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். என் முதல் தொட்டி அப்படித்தான் போனது.

காட்டில் இந்தச் செடியின் கிழங்கு தரை மட்டத்தில், பாதி வெளியே தெரியும்படி உட்கார்ந்திருக்கும். நட்டவர் ஆழமாக நட்டிருப்பார், அல்லது மண் இறங்க இறங்க மேலே மேலே மண் போட்டு மூடியிருப்பார். தளிரின் கழுத்தில் எப்போதும் ஈரம் நிற்கும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேறென்ன வேண்டும்?

செய்ய வேண்டியது இது. செடியை வெளியே எடுத்து மண் முழுவதையும் அலசிவிடுங்கள். கத்தியை அடுப்புத் தணலில் காட்டி ஆறவிட்டு, மெத்தென்ற கிழங்குகளை அறுத்து எறியுங்கள். கெட்டியாக இருக்கும் கிழங்கிலும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் சரி. உள்ளே ஊதாப் பழுப்பில் ஒரு வளையம் தெரிந்தால் நோய் தண்டு வழியாக உள்ளே போயிருக்கிறது. வளையம் மறையும்வரை அடுத்த கிழங்கு, அதற்கடுத்த கிழங்கு என்று வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சுட வேண்டும். சோம்பல்பட்டு ஒரு முறை நான் அதைச் செய்யவில்லை. பிழைத்திருக்க வேண்டிய கிழங்கும் போனது.

வெட்டிய இடத்தில் பட்டைத்தூள் தடவலாம், சமையலறையில் இருக்கும் அதே இலவங்கப்பட்டைதான். வேரில் மட்டும் படவிடாதீர்கள். வேரை அது உலர்த்திவிடும். பிறகு நிழலில் ஒரு தாளின்மேல் இரண்டு மூன்று நாள் காயப் போடுங்கள். செடியைக் காயப் போடுவதா என்று மனசு கேட்காது. கிழங்குக்குள் தண்ணீரும் உணவும் இருக்கின்றன, அது தாங்கும். காய்ந்த பின் கரடுமுரடான ஆற்று மணலில், அடிப்பகுதி மட்டும் புதையும்படி வைத்து, மண் லேசான ஈரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தளிர் வரும்வரை உரம் கிடையாது. சில வாரம் ஒன்றும் நடக்காது; தினமும் தோண்டிப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஒரு வகை அழுகல் வந்தால் மட்டும் செடியைக் காப்பாற்ற முயலாதீர்கள். அடித்தண்டைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி நூல் படர்ந்து, அதில் கடுகு கடுகாக உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது ஸ்கிளெரோஷியம் என்ற பூஞ்சை. முதலில் வெள்ளையாக இருக்கும் உருண்டை பழுப்பாக மாறும்போது பார்த்தால் தாளிக்க வைத்த கடுகேதான். அந்தக் கடுகு ஒவ்வொன்றும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செடி, மண், எல்லாவற்றையும் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். உரக்குழியில் போட்டால் தோட்டம் முழுக்க நீங்களே விதைத்த மாதிரி. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெளுப்புத் திரவம் கலந்த நீரில் ஊறவிட்டு, வெயிலில் காயவைத்தபின் பயன்படுத்தலாம்.

மறுபடி வராமல் இருக்க மண் கலவையை மாற்றுங்கள். நான் போடுவது செம்மண் 2 பங்கு, கரடுமுரடான மணல் 2 பங்கு, தேங்காய் மட்டைச் சில்லு 1 பங்கு. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் அரை நிமிடத்தில் அடியில் சொட்ட வேண்டும். தொட்டியைச் சிமெண்டுத் தரையில் அப்படியே வைக்காமல் மூன்று ஓட்டுத் துண்டின்மேல் தூக்கி வையுங்கள். அக்டோபர் தொடங்கி ஆண்டு முடியும்வரை மழை விடாது என்றால், கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகட்டைக் கூரையாகப் போடலாம். துணி வலை வேண்டாம். அது வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது.

இலை நுனி காய்ந்து பழுப்பாகிறது

நுனி ஒரு அங்குலம் காய்வதெல்லாம் நோயே அல்ல. பழைய இலையில் அது நடக்கும். கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

புதிய இலையிலும் வேகமாகக் காய்ந்துகொண்டே வந்தால் மண்ணில் உப்பு சேர்ந்திருக்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு, ஒரு மாதம் உரத்தை நிறுத்துங்கள். பச்சைக் கோழிச் சாணம் போட்டிருந்தால் கதை வேறு. மட்காத சாணம் வேரைச் சுட்டுவிடும். என் இரண்டாவது தொட்டிக்கு நானே ஒரு கை அள்ளிப் போட்டேன், பாசத்தில். பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

புதிய இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சை

அலங்காரத்துக்காக மேலே வெள்ளைச் சலவைக்கல் சில்லு பரப்பியிருக்கிறீர்களா? இந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் மலைக்குப் பஞ்சமில்லை, அந்தச் சில்லும் மலிவு. ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணைக் காரமாக்கும். காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இரும்புக் குறை முதலில் காட்டுவது இளம் இலையில். அடி இலை பச்சையாகவே இருக்கும். தழைச்சத்துக் குறை என்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி உரச் செலவு மிச்சம்.

கல்லை அகற்றுங்கள், மேல் மண் இரண்டு அங்குலத்தை மாற்றுங்கள், பிடித்து வைத்த மழைநீர் ஊற்றுங்கள். அவசரம் என்றால் இரும்புச் சீலேட் (காரமான மண்ணிலும் வேர் எடுக்கக்கூடிய இரும்பு உரம்) வாங்கிக் கரைத்து ஊற்றலாம். அழகுக்குக் கல் வேண்டுமென்றால் கருங்கல் சில்லு போடுங்கள்.

இலை வெள்ளிபோல மங்கி, புள்ளி புள்ளியாக

பிளிக்காட்டா என்றால் மடிப்புள்ளது என்று பொருள். 1825இல் புளூம் என்ற தாவரவியலாளர் ஜாவாவில் பார்த்த செடிக்கு இந்தப் பெயரை வைத்தார். அந்த மடிப்புகளுக்கு உள்ளேதான் நம் எதிரி குடியிருக்கிறது. சிவப்புச் சிலந்திப் பேன். இலைக்கு அடியில், மடிப்பின் பள்ளத்தில் வரிசையாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே நின்று பார்த்தால் இலையின் பளபளப்பு போய்த் தூசி படிந்தது மாதிரி மட்டும் தெரியும்.

ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து மேலே இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த தூசி நகர ஆரம்பித்தால் பேன். விரலால் தேய்த்தால் சிவப்புக் கோடு விழும்.

மழை குறைந்த மாதங்களிலும், மழை படாத தாழ்வாரத்திலும்தான் இது பெருகும். இதில் நிறையப் பேர் செய்யும் தவறு, கையில் இருக்கும் பூச்சிமருந்தை அடிப்பது. இது பூச்சி இனமே இல்லை, சிலந்தியின் உறவு. சாதாரணப் பூச்சிமருந்துக்கு இது அசையாது. இதைத் தின்று வாழும் நல்ல பூச்சிகள்தான் சாகும். அடுத்த வாரம் பேன் இரட்டிப்பாக வரும். குழாயை வைத்து இலையின் அடிப்பக்கத்தை, மடிப்போடு சேர்த்து, அழுத்தமாக அடித்துக் கழுவுங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை, இரண்டு வாரம். முட்டை பொரிந்து வருவதையும் பிடிக்க வேண்டும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்தினால் வீண். அதிலும் அடங்கவில்லை என்றால் சோப்புக் கரைசலில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து, வெயில் இறங்கியபிறகு அடியுங்கள். உச்சி வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை வெந்துபோகும்.

கறுப்புப் புள்ளிகள்

அடி இலையில் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளி என்றால் மழைக்காலத்துச் சகஜம். அந்த இலையை வெட்டுங்கள், தொட்டிகளுக்கு நடுவே காற்றுப் போக ஒரு முழம் இடைவெளி விடுங்கள், தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். புள்ளியைச் சுற்றி நீர் கோத்தது மாதிரி கசியும் வட்டம் இருந்து, அது ஒரே இரவில் பெரிதானால் பாக்டீரியா. புள்ளிக்குக் கீழே நல்ல பச்சைப் பகுதியையும் இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டி எறியுங்கள்.

மொட்டு கறுத்து உதிர்கிறது, பூவில் கோடு

பூந்தண்டு நன்றாக வந்து, நுனி மொட்டுகள் விரியும் முன்பே பழுப்பாகி விழுந்தால் முதலில் இலைப்பேனை (திரிப்ஸ்) தேடுங்கள். கீழே விழுந்த மொட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நூல் துண்டு மாதிரி, வெளிர் மஞ்சளில் அல்லது கறுப்பில் ஓடும். விரிந்த பூவின் இதழில் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டிய கோடு இருந்தாலும் இதுதான். மோசமான தண்டை வெட்டி எறிவதுதான் சிக்கனம். செடி ஆரோக்கியமாக இருந்தால் அடுத்த தண்டு வந்துவிடும். மற்றவற்றுக்கு அதே சோப்பு வேப்பெண்ணெய்தான்.

டென்ட்ரோபியமும் சேர்த்து வளர்க்கிறவர்கள் ஆரஞ்சு மஞ்சள் நிற வண்டையும் கவனிக்க வேண்டும். பூவையே கடித்துக் குதறும். அதன் புழு தன் கழிவையே மேலே பூசிக்கொண்டு சளி மாதிரி ஒட்டிக் கிடக்கும். அருவருப்பில் நாம் தொட மாட்டோம் என்பதுதான் அதன் கணக்கு போல. கையுறை போட்டுக்கொண்டு காலையில் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மருந்தைவிட இது வேகமான வேலை.

தண்டில் எறும்பு ஏறுகிறதே என்று பதறி எறும்புப்பொடி தூவுகிறார்கள். பொறுங்கள். இந்தச் செடி பூந்தண்டிலேயே தேன் சுரக்கும், பூவுக்கு வெளியே. அதற்குத்தான் எறும்பு வருகிறது. மொட்டைத் தேடி வரும் பூச்சிகளை அது விரட்டவும் செய்யும். எறும்பு இருக்கும் இடத்தில் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ அசுவினியோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அதன் வழியில் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு மாக்சிக்தான், அந்த மலாய்க்கார அம்மாதான், எனக்கு இதைச் சொன்னார். பழைய பெயிண்டு டின்னில் அவர் வளர்க்கும் செடிகளில் எறும்பு இல்லாத தண்டே இல்லை, பூவுக்கும் குறைவில்லை.

பூ சீக்கிரம் வாடிக் காயாகிறது

ஒரு தண்டில் கீழிருந்து மேலாக, ஒன்றிரண்டாக மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே போவதுதான் இந்தச் செடியின் அழகு. சிலர் வீட்டில் மட்டும் பூ விரிந்ததும் தலை கவிழ்ந்து, பின்னால் பச்சைக் காய் தடித்துவிடும். தண்டு முழுக்க அவரைப்பிஞ்சு தொங்கும் மாதிரி.

நோய் இல்லை. இந்த இனத்தில் தேனீ, வண்டு எதுவும் வராமலே தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடிகள் உண்டு. வெற்றிடத்தில் முதலில் போய்க் குடியேறுகிற செடிக்கு அது பெரிய வசதி. தொட்டியில் பூ பார்க்க ஆசைப்படுகிற நமக்கு நஷ்டம். காயைப் பிஞ்சிலேயே கிள்ளிவிட்டால் மேல்மொட்டுகளுக்குப் பலம் போகும். ஆனால் அந்தச் செடியின் குணத்தை மாற்ற முடியாது. வாங்கும்போதே தண்டைப் பாருங்கள். மேலே மூன்று பூவும் கீழே பத்துக் காயுமாக இருந்தால் பக்கத்துத் தொட்டியை எடுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் அண்ணே" என்பார். ஒன்று இல்லை.

இலையில் மொசைக் கோடு, பூவில் நிறம் சிதறல்

இளம் இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் வெளிர் பச்சையும் கரும்பச்சையும் கலந்த ஒழுங்கில்லாத கோடுகள். பூவின் ஊதாவில் வெளுத்த திட்டுகள். வைரஸாக இருக்கலாம். ஆர்க்கிட்களில் பரவலானவை சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஒடோன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸும். இரண்டையும் ஒரு செடியில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் நம் கத்தரிக்கோல்தான். மருந்து கிடையாது. முதலில் பேனும் சத்துக் குறையும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தொட்டியைத் தனியே ஒதுக்கி வைத்து அடுத்த இரண்டு தளிரையும் பாருங்கள். அதிலும் கோடு வந்தால் எறிந்துவிடுங்கள். அபூர்வ நிறம் என்று சொல்லிக் கிளை பிரித்து நண்பர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

நேற்று இருந்த தளிர் இன்று இல்லை

நத்தை. டார்ச் எடுத்துக்கொண்டு இரவு பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். ஆப்பிரிக்க நத்தையோ ஓடில்லாததோ இருக்கும். கையுறையோடு பொறுக்குங்கள். தொட்டியின் அடியையும் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள், பகலில் அங்கேதான் தூங்கும்.

காட்டில் இருந்து கொண்டுவந்தது பிழைக்கவில்லை

கேமரன் மலைக்குப் போய்விட்டு வரும்போது சாலையோரத்தில் மஞ்சள் பூவைப் பார்த்துத் தோண்டிக்கொண்டு வருகிறார்கள். அது இதன் உறவுக்காரி, ஸ்பத்தோகுளோட்டிஸ் ஆரியா. மலைவாசி. இரவில் குளிர் இறங்காத சமவெளியில் ஒவ்வொரு தளிரும் முந்தினதைவிடச் சிறியதாக வரும், பிறகு வராது. மண்ணை மாற்றியும் உரத்தை மாற்றியும் பயனில்லை. ஈப்போவையோ தைப்பிங்கையோ 1,500 மீட்டர் தூக்கி வைக்க முடிந்தால் பிழைக்கும். மஞ்சள்தான் வேண்டும் என்றால் நர்சரியில் கிடைக்கும் கலப்பு ரகங்கள் சமவெளி வெயிலைத் தாங்கும்.

ஊதாவைக்கூடக் காட்டிலிருந்து தோண்டாதீர்கள். தோண்டும்போது வேர் பெரும்பகுதி அறுந்துபோகும், அதோடு மண்ணில் இருந்த பூஞ்சைத் துணையும். காட்டு ஒதுக்கில் இருந்து அனுமதியில்லாமல் எடுப்பது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி குற்றம். எல்லை தாண்டிக் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னொன்று: ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், காட்டு உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது சித்திக்கு ஒரு கிழங்கு என்று பெட்டியில் போட்டுக்கொண்டு போக முடியாது.

விதை தூவினேன், முளைக்கவில்லை

முளைக்காது, நீங்கள் தூவிய இடத்தில். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் தூள் மாதிரி விதை இருக்கும். ஒன்றிலும் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பவில்லை. மண்ணில் இருக்கும் குறிப்பிட்ட பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். இதை 1899இல் பிரான்சில் நோயல் பெர்னார் கண்டுபிடித்தார். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் பூஞ்சை இல்லாமலே முளைக்கவைத்துக் காட்டினார். இன்றும் நர்சரிக் குடுவைகளில் நடப்பது அதுதான். வீட்டுச் சமையலறையில் முயன்றால் பத்துக் குடுவையில் ஒன்பதில் பூசணம் வளரும். நான் முயன்றேன்; பத்திலும் வளர்ந்தது.

வீட்டில் பெருக்க எளிய வழி பழைய கிழங்குகள்தான். இலை உதிர்ந்து பின்வரிசையில் சும்மா கிடக்கும் கெட்டியான கிழங்கை அறுத்து, ஈர மணலில் பாதி தெரிய வைத்தால் பக்கவாட்டில் கண் விடும்.

அதோடு, காயை முற்றவிட்ட ஆண்டில் மற்றத் தொட்டிகளில் புல் பிடுங்கும்போது அவசரப்படாதீர்கள். பூஞ்சை இருக்கும் மண்ணில், பெரிய செடியின் காலடியில், செங்கல் இடுக்கில்கூட, தானாக நாற்று வரும். பார்க்க அச்சு அசல் புல்தான். நான் இரண்டு ஆண்டு புல் என்றே பிடுங்கி எறிந்திருக்கிறேன். ஒரு நாள் கையில் வந்ததை எறியப் போனபோது அடியில் பச்சைப்பயறு அளவில் ஒரு கிழங்கு தொங்கியது. இப்போதெல்லாம் பிடுங்கும் முன் இலையை விரலில் தடவிப் பார்க்கிறேன். மடிப்பு தட்டுப்பட்டால் விட்டுவிடுகிறேன்.